வெள்ளிக்கிழமை கிளம்பாத வண்டி

தலைநகரில் மார்கழி, தை மாதங்களைக் கழித்தவர்களுக்கு அந்நாட்களின் விடியற்காலை ஐந்து மணி எப்படியிருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. புசா ரோட்டின் நடுவே மெட்ரோ ரயிலுக்காக எழுப்பப்பட்ட தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிமூட்டத்துக்குள் மறைந்துபோகும். மூன்றாவது தூண் கண்ணுக்குத் தெரிந்தால் அது நல்ல நாள். அப்படிப்பட்ட ஒரு காலையில், சால்வையால் போர்த்தப்பட்ட என் மாமியாரைக் காரின் பின்னிருக்கையில் அமரவைத்துவிட்டு, சாவியைத் திருப்பினேன். டிக், டிக், டிக், டிக் என்று பல்லி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

இது நடந்தது 2007-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அத்தைக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலற்றுப்போனபடியால், செவ்வாய், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில் இரத்தச் சுத்திகரிப்புக்காகக் காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் இருக்கவேண்டும். தாமதமானால் அந்தப் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அல்லது நான்கு மணி நேரச் சுத்திகரிப்பை மூன்றாகக் குறைத்துவிடுவார்கள். குறைந்த அந்த ஒரு மணி நேரம் அடுத்த முறை வரும்வரை அத்தையின் கால்களில் வீக்கமாகத் தெரியும். ஆகையால் எங்கள் வீட்டில் அந்த வண்டி ஓர் ஆடம்பரமாய் இருக்கவில்லை; அது ஒரு மருந்தைப்போல் இருந்தது.

வண்டி 1997-ஆம் ஆண்டு மாடல் மாருதி 800. இரண்டாம் கையாக வாங்கியது. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் இவ்வகை வண்டிகளில் முதலாவதன் சாவியைத் தில்லியைச் சேர்ந்த ஒருவரிடம் ஒப்படைத்தார் என்பதும், 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று என்பதும் பலருக்குத் தெரிந்த செய்திகள். மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். எங்களுடையது கார்புரேட்டர் வைத்த பழைய வகை. குளிர்காலத்தில் சோக்கை இழுத்துத்தான் கிளப்பவேண்டும். நான் அலுவலகத்துக்குப் பேருந்திலும் மெட்ரோவிலும் போய்வந்ததால், வண்டி செவ்வாய், வெள்ளி மருத்துவமனைக்கும், ஞாயிறு ஆராதனைக்கும், சில புதன்கிழமைகளில் மாலை ஜெபக்கூட்டத்துக்கும் மட்டுமே வெளியே போகும். இந்த விவரத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

வண்டியை ஓட்டியவன் என் மைத்துனரின் மகன். திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளை, வயது இருபத்திரண்டு. தன் ஆச்சியைச் சிகிச்சைக்காகத் தில்லிக்கு அழைத்துவந்தவன், எங்களுக்கு உதவியாக இங்கேயே தங்கிவிட்டான். வெள்ளி, செவ்வாய் காலைகளில் எங்களுக்குப் பத்து நிமிடம் முன்பே கீழே இறங்கிப்போய்க் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்து, எஞ்சினைச் சூடாக்கி வைப்பான். வியாழன் இரவு வண்டியின் உள்ளே விரிப்பைத் தட்டி, ஆச்சியின் தலையணையை இருக்கையில் வைப்பதும் அவன் வேலைதான். அவன் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. என் தவறுக்கு அவன் பெயர் எதற்கு?

முதல் முறை வண்டி நின்றபோது, எதிர்வீட்டுப் பஞ்சாபி நண்பர் தம் வண்டியின் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து உதவினார். நான் மருமகனைப் பார்த்து, "இராத்திரி உள்விளக்கை அணைத்தாயா?" என்று சாதாரணமாகவே கேட்டேன். "அணைத்தேன், மாமா" என்றான். அவ்வளவுதான். ஆனால் என் இருதயத்தில் ஒரு முடிவு அப்போதே விழுந்துவிட்டது: வியாழன் இரவு வண்டிக்குள் இருந்தவன் இவன், வெள்ளி காலை பேட்டரி செத்திருக்கிறது, ஆகவே காரணம் இவன்தான்.

அடுத்த வெள்ளி வண்டி நன்றாகக் கிளம்பிற்று. அதற்கடுத்த வெள்ளி மறுபடியும் டிக், டிக். கடைக்காரர் ஒருவர் பேட்டரியைப் பார்த்துவிட்டு, "மூன்று வருடம் ஓடிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்றார். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்துப் புதியது வாங்கினேன். மூன்று வாரம் தொல்லையில்லை. ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, புதிய பேட்டரியும் அதே பல்லிச் சத்தத்தைக் கொடுத்தபோது, நான் நிதானம் இழந்தேன். ஆட்டோரிக்‌ஷா தேடிப் பிரதான சாலைவரை ஓடிக் களைத்துத் திரும்பியவன், மூன்று வீட்டார் கேட்கும்படி அவனைக் கடிந்துகொண்டேன். "நீ முன்னதாக இறங்கிவந்து விளக்கை அணைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவன்போல் நிற்கிறாய்" என்றேன். புதிய பேட்டரியின் விலையையும் சொல்லிக்காட்டினேன். அவன், "மாமா, விளக்கு எரியவேயில்லை" என்று ஒருமுறைதான் சொன்னான். அந்த வாரமே ஊரில் வேலை ஒன்று வந்திருப்பதாகக் கூறி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிப்போய்விட்டான். வழியனுப்ப என் மனைவிதான் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை. வியாழன் இரவு வண்டியை யாரும் தொடவில்லை. நான் தனியே இறங்கிவந்து சாவியைத் திருப்பினேன். டிக், டிக், டிக், டிக்.

அன்று ஆட்டோவில் அத்தையை ஏற்றிக்கொண்டு போகையில் குளிர்காற்று இரு பக்கமும் அடித்தது. அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை. முப்பத்தைந்து நிமிடம் தாமதம்.

ஞாயிறு ஆராதனை முடிந்தபின், "எங்கள் வண்டிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், பாஸ்டர்" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஜெபிக்கிறோம், பிரதர். எலக்ட்ரீஷியனிடம் காட்டினீர்களா?" என்று கேட்டார். காட்டவில்லை. பேட்டரி விற்பவரிடம் மட்டுமே காட்டியிருந்தேன். பேட்டரி விற்பவர் பேட்டரியைத்தானே மாற்றச் சொல்வார்! பாஸ்டர்தாம் ஒரு பெரியவரைக் குறித்துச் சொன்னார். வேலூர்ப் பக்கத்தவர், இராணுவத்தின் ஈ.எம்.இ. பிரிவில் வண்டிகளைப் பழுதுபார்த்து, ஹவில்தாராக ஓய்வுபெற்று, பிள்ளைகளோடு தில்லியிலேயே தங்கிவிட்டவர். கரோல் பாக் நாயிவாலாத் தெருக்களில், மோட்டார் உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே, ஒரு மேசையும் இரண்டு மீட்டர்களும் மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து, "சார், முதலில் சொல்லுங்கள். சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் பயனைப் பின்பு அவரே எனக்கு விளக்கினார். வீட்டில் வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் உதவும் என்பதால் எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். கிளம்பாத வண்டி என்று ஒரே நோய் இல்லை. குறைந்தது மூன்று உண்டு. எஞ்சின் சுழலவேயில்லையா, சோர்ந்து சுழல்கிறதா, நன்றாகச் சுழன்றும் தீப்பிடிக்கவில்லையா என்பதை முதலில் பிரித்தறியவேண்டும். சாவியைத் திருப்பியும் டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாமல் முழு அமைதி என்றால், பேட்டரி முனை கழன்றிருக்கலாம். அல்லது பிரதான ஃபியூஸ் போயிருக்கலாம். விளக்குகள் பிரகாசமாய் எரிந்தும் சத்தமே வராவிட்டால், சாவி சுவிட்சோ, ஸ்டார்ட்டருக்குப் போகும் சிறு கம்பியோ சந்தேகத்துக்குரியது. கனமாக ஒரே ஒரு "டக்" கேட்டு நின்றுபோனால் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பார்க்கவேண்டும். எங்களுடையதுபோல் விரைவாக டிக், டிக் என்று அடித்துக்கொண்டால் பெரும்பாலும் பேட்டரியில் சக்தி குறைவு, அல்லது அதன் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடி. ஸ்டார்ட்டரின் உள்ளே உள்ள மின்காந்தம் இழுக்கிறது, இழுத்த மாத்திரத்தில் மோட்டார் பெரும் மின்னோட்டத்தைக் கேட்கிறது, கொடுக்க இயலாமல் பேட்டரியின் அழுத்தம் சரிகிறது, காந்தம் விட்டுவிடுகிறது, விட்டவுடன் அழுத்தம் மீள, மறுபடி இழுக்கிறது. அந்தத் தடுமாற்றமே நாம் கேட்கும் சத்தம்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் கிளம்பவில்லையானால் பேட்டரியைக் குறைசொல்லிப் பயனில்லை. அப்போது தேடவேண்டியவை தீப்பொறியும் பெட்ரோலும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் தில்லியின் பனிமூட்டம் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் ஈரமாய்ப் படிந்து தீப்பொறியை வழிமாற்றிவிடும். காய்ந்த துணியால் துடைத்தாலே சில வண்டிகள் கிளம்பிவிடும். பெட்ரோல் நெடி பலமாக அடித்தால், சோக்கை இழுத்து இழுத்து நாமே எஞ்சினை நனைத்துவிட்டோம் என்று பொருள். இக்காலத்து வண்டிகளில் டாங்கிக்குள்ளேயே மின்சாரப் பம்பு இருக்கிறது. சாவியைப் பாதி திருப்பியவுடன் பின்னாலிருந்து இரண்டொரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது கேட்காவிட்டால் பம்பு, அதன் ரிலே, ஃபியூஸ் என்று போகவேண்டும். டாஷ்போர்டில் சாவிப் படம் விடாமல் மின்னினால், வண்டி உங்கள் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தில்லியில் சி.என்.ஜி. வண்டி வைத்திருப்போர் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும்: அவற்றுள் பெரும்பாலானவை முதலில் பெட்ரோலில்தான் கிளம்புகின்றன. எரிவாயு மலிவென்று பெட்ரோல் டாங்கியை மாதக்கணக்கில் காலியாக விட்டால் குளிர்காலத்தில் தெருவில் நிற்கவேண்டிவரும்.

பெரியவரின் இரண்டாம் கேள்விதான் என்னை வீழ்த்தியது. "எந்தெந்த நாளில் கிளம்பவில்லை?"

என் மனைவி அத்தையின் சிகிச்சைக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். சுத்திகரிப்புக்கு முன் எடை, பின் எடை, இரத்த அழுத்தம், போய்ச்சேர்ந்த நேரம் எல்லாம் அதில் இருந்தன. "வண்டி கிளம்பவில்லை, ஆட்டோ" என்றும் ஆங்காங்கே எழுதியிருந்தாள். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். நான்கு முறையும் வெள்ளிக்கிழமை. செவ்வாயில் ஒருமுறைகூட இல்லை. "சனி, ஞாயிறில் எடுப்பீர்களா?" "ஞாயிறு எடுப்போம்." "ஞாயிறிலிருந்து செவ்வாய் இரண்டு நாள். செவ்வாயிலிருந்து வெள்ளி மூன்று நாள். சரி, இந்த வெள்ளி கிளம்பியிருக்கிறதே, அந்த வாரம் நடுவில் எங்கேயாவது போனீர்களா?" மனைவி சற்று யோசித்து, "அந்தப் புதன் ஜெபக்கூட்டத்துக்கு வண்டியில் போனோம்" என்றாள். பெரியவர் தலையசைத்தார். வண்டியின் பானெட் அதுவரை திறக்கப்படவேயில்லை.

நான் அப்போதும் விடவில்லை. "வியாழன் இரவில் உள்விளக்கை எரியவிட்டிருக்கலாமே?" என்றேன். மருமகனின் பெயரைச் சொல்ல எனக்கு நா எழவில்லை; ஆனாலும் அவனைத்தான் சொன்னேன். அவர் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டார். உள்விளக்கு 5 வாட். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 0.4 ஆம்பியர். இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்துவரை எட்டு மணி நேரம், மூன்றேகால் ஆம்பியர்-மணி. உங்கள் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. "பத்தில் ஒரு பங்குகூட இல்லை, சார். இதற்குப் புதுப் பேட்டரி சாகாது." முன்விளக்கு என்றால்? இரண்டும் சேர்ந்து 110 வாட். ஒன்பது ஆம்பியருக்கு மேல். நான்கு மணி நேரத்துக்குள் பேட்டரி முற்றிலும் காலி. "அப்படியானால் காலையில் உங்களுக்கு இந்த டிக், டிக் சத்தமும் வந்திருக்காது. டாஷ்போர்டு விளக்கும் எரிந்திருக்காது. எரிந்ததா?" மங்கலாக எரிந்தது என்றேன். "அப்போது முன்விளக்கும் இல்லை."

பிரியமானவர்களே, இது எட்டாம் வகுப்புக் கணக்கு. வாட்டை வோல்ட்டால் வகுத்து மணியால் பெருக்கவேண்டும். மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருபது வருடம் உட்கார்ந்தவன் நான். ஒரு பையனைக் குற்றவாளியென்று தீர்க்குமுன் இந்த மூன்று வரியை எழுதிப்பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகே அவர் பானெட்டைத் திறந்தார். பேட்டரியின் அழுத்தம் 11.9 வோல்ட். நல்ல நிலையில், ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 காட்டவேண்டும், 12-க்குக் கீழே என்றால் கால்வாசிகூட மிஞ்சவில்லை. போதாக்குறைக்குக் குளிர். உறைநிலையை நெருங்கும் குளிரில் இவ்வகை ஈய பேட்டரி தன் கிளப்பும் வலிமையில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். எஞ்சின் ஆயிலோ கெட்டியாகி இன்னும் அதிக வலிமையைக் கேட்கும். அதனால்தான் அக்டோபரில் மறைந்திருந்த நோய் டிசம்பரில் வெளிப்பட்டது.

பேட்டரியைத் தம் கடைக்கு எடுத்துப்போய் இரவெல்லாம் சார்ஜ் செய்து கொண்டுவந்தார். மறுநாள் செய்த சோதனையை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எல்லாக் கதவுகளையும் சாத்தி, எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் நடுவே ஆம்பியர் மீட்டரை இணைத்தார். "இப்போது யாரும் சாவியைப் போடக்கூடாது, ஸ்டார்ட்டர் இழுத்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்" என்று எச்சரித்தார். உறங்குகிற வண்டி ஏறக்குறைய ஒன்றையும் இழுக்கக்கூடாது. கடிகாரம், ரேடியோவின் நினைவு ஆகியவற்றுக்கு 0.05 ஆம்பியருக்குள் போகலாம். மீட்டர் 0.3 காட்டியது.

மூன்று நாளுக்கு 72 மணி. 0.3-ஆல் பெருக்கினால் இருபத்தொன்றரை ஆம்பியர்-மணி. எல்லாரும் உறங்குகையில், விளக்கொன்றும் எரியாமல், பேட்டரியின் பாதிக்கு மேல் எங்கேயோ வடிந்துகொண்டிருந்தது.

எங்கே? ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒவ்வொன்றுக்கும் மீட்டரைப் பார்த்தார். ரேடியோ ஃபியூஸ் பிடுங்கியபோது இரண்டு புள்ளி குறைந்தது, மற்றவற்றுக்கு அசைவில்லை. நான் ஏமாற்றத்தோடு நின்றேன். அவரோ திருப்தியாயிருந்தார், ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகாத தடித்த கம்பிகளில் ஒன்று ஆல்டர்னேட்டருக்குப் போவது என்றார். பேட்டரியைக் கழற்றி, அந்தக் கம்பியை ஆல்டர்னேட்டரிலிருந்து விடுவித்து, நுனியில் டேப் சுற்றி, மீண்டும் மீட்டரை இணைத்தார். 0.02.

ஆல்டர்னேட்டருக்குள் ஆறு டயோடுகள் உண்டு. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் போகவிடுவது அவற்றின் வேலை. திசையன்விளைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கிணற்றில் இறங்கும் மோட்டார்க் குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கிறதல்லவா? அதன் தோல் தேய்ந்துபோனால், இராத்திரியில் குழாயில் நின்ற தண்ணீர் முழுவதும் மெல்லக் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் மோட்டாரைப் போட்டால் வெறும் காற்று. மோட்டாரில் குறையில்லை, கிணற்றில் குறையில்லை. எங்கள் ஆல்டர்னேட்டரில் ஒரு டயோடு அப்படிக் கசிந்தது. பகலில் ஓடும்போதும் அது முழு அளவுக்கு மின்சாரம் கொடுக்கவில்லை. முன்விளக்கை எரியவிட்டுக்கொண்டு மருத்துவமனைவரை போய்வரும் குறுகிய ஓட்டத்தில் இழந்ததைத் திரும்ப நிரப்ப அதற்கு இயலவில்லை. புதிய பேட்டரி மூன்று வாரம் தாக்குப்பிடித்ததற்கும் காரணம் இதுவே: அது நிறைகுடமாக வந்து, வாரத்துக்கு வாரம் குறைந்தது.

டயோடுத் தட்டை மட்டும் மாற்றினார். நான் வீணாக வாங்கிய பேட்டரியின் விலையில் பாதிகூட ஆகவில்லை. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தபோது பேட்டரி முனையில் 14.2 வோல்ட் இருந்தது. 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் இருந்தால் சரி என்றார்.

அவர் வேலை செய்துகொண்டே பல கதைகள் சொன்னார். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வருமுன், எல்லாரும் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்பினார்களாம். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். ஆகையால் ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்கவேண்டும் என்று தமக்குப் பயிற்சியில் கற்றுக்கொடுத்ததைக் கையால் செய்துகாட்டினார். எங்கள் ஊர் அம்பாசடர் ஓட்டுநர்களும் அப்படியே பிடித்ததை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். காரணம் அன்றுதான் விளங்கிற்று. பேச்சு வளர்ந்து புசா ரோட்டின் பெயர்வரை போனது. பீகாரில் புசா என்னும் ஊரில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1934 ஜனவரிப் பூகம்பத்தில் இடிந்து, 1936-இல் தில்லிக்கு இடம்பெயர்ந்தபோது தன் ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. நாம் மட்டுமா ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு இங்கே வந்தோம்!

கம்பி கொடுத்து வண்டி கிளப்புவதைக் குறித்தும் அவர் என்னைக் கண்டித்தார். நானும் எதிர்வீட்டு நண்பரும் இரண்டு பேட்டரிகளின் எதிர்முனைகளையும் நேரே இணைத்திருந்தோம். நேர்முனைகளை முதலில் இணைத்து, கருப்புக் கம்பியைக் கடைசியாக, செத்த வண்டியின் பேட்டரியில் அல்ல, சற்றுத் தள்ளி எஞ்சினின் உலோகத்தில் இணைக்கவேண்டுமாம். பேட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு அந்தக் கடைசிப் பொறியில் வெடித்து முகத்தில் அமிலம் தெறித்தவர்களைத் தாம் கண்டிருப்பதாகச் சொன்னார்.

அன்று மாலை அத்தையின் கட்டிலருகே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவர்கள் கட்டில் முதல் மாடி ஜன்னலை ஒட்டியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் சந்தும், வண்டி நிற்கும் இடமும் நன்றாகத் தெரியும். நான் டயோடு, ஆல்டர்னேட்டர் என்று விளக்கி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அவன் விளக்கை அணைத்தது எனக்குத் தெரியும்" என்றார்கள். "ஒவ்வொரு வியாழனும் பார்ப்பேன். கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருட்டாயிற்றா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் மேலே வருவான்."

"ஏன் அத்தை, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேட்கவில்லையே, மாப்பிள்ளை."

மகள் வீட்டில் படுக்கையில் கிடந்துகொண்டு, மருமகனின் தயவில் சிகிச்சை பெறுகிற ஒரு தாய், அவன் கோபமாய் நிற்கும்போது எப்படிக் குறுக்கே பேசுவாள்? இதை அவர்கள் சொல்லவில்லை. எனக்கே விளங்கிற்று.

அந்த இரவே ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். என் நாவில் வார்த்தைகள் தடுமாறின. "தவறு என்னுடையது, என்னை மன்னித்துவிடு" என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. பின்பு, "ஆச்சி எப்படி இருக்கிறார்கள், மாமா?" என்று கேட்டான். சற்றுப் பொறுத்து, "டயோடு கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்றும் கேட்டான். மீட்டர் வைத்ததையும், ஃபியூஸ் பிடுங்கியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். உண்மையான ஆவலோடுதான் கேட்டான். திரும்பி வா என்று அழைத்தபோது மட்டும், தூத்துக்குடியில் லாரி செட் ஒன்றில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான்.

அதன்பின் அத்தை இருந்த நாட்களில் வண்டி ஒருமுறையும் ஏமாற்றவில்லை. நான்தான் ஓட்டினேன். 2009-இல் அவர்கள் விருப்பப்படியே ஊருக்கு அழைத்துப்போய்விட்டோம். நெல்லையில் சுத்திகரிப்பு தொடர்ந்தது. மறு வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

அடக்க ஆராதனைக்காக நாங்கள் போனபோது, நெல்லை ரயில் நிலையத்தில் மருமகன் வண்டியோடு காத்திருந்தான். உடம்பு தேறியிருந்தான், மீசை வைத்திருந்தான். பெட்டிகளை அவனே தூக்கி ஏற்றினான். நாங்குநேரி கடந்து திசையன்விளை போகும்வரை ஆச்சியின் கடைசி நாட்களைக் குறித்து என் மனைவியோடு பேசிக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் நிறுத்தியபோது இரவு மணி பத்திருக்கும். எல்லாரும் இறங்கி உள்ளே போனார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டு பின்தங்கினேன். அவன் வண்டியைப் பூட்டி, படிவரை நடந்து, நின்று, திரும்பிப் போனான். கதவைத் திறந்து முன்விளக்குச் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தான். உள்விளக்குச் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தான். கதவைச் சாத்தி, குனிந்து, கண்ணாடி வழியே உள்ளே இருட்டாய் இருக்கிறதா என்று பார்த்தான். நிமிர்ந்தபோது என்னைக் கண்டான்.

"பழக்கமாகிவிட்டது, மாமா" என்றான். பின்பு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் படியேறிப் போனான்.